நட்சத்திரம் வெட்டிய பல்

தங்கம் உருக்கும் நாளில் நான் மின்விசிறி போடுவதில்லை. எங்கள் ஊர் ரெமான்சோவில் காலை பத்து மணிக்கே தகரக் கூரை காய்ந்து வீடு அடுப்பாகிவிடும். இருந்தாலும் போட மாட்டேன். காற்று பட்டால் சுடர் அலையும், அரத்தூள் பறக்கும். ஐந்து கிராம் உருக்குகிறவளுக்கு அரைக் கிராம் பறந்துபோனால் அப்புறம் என்ன மிச்சம்? உங்கள் விசாரணை அறையில் விசிறி நன்றாகச் சுற்றுகிறது மேடம், அணைக்க வேண்டாம். இங்கே உருக்க ஒன்றும் இல்லை.

என் பெயர் உபால்தினா பெத்ரோசோ. வயது அறுபத்தெட்டு. என் கணவர் எலியேசர் மொம்போஸ் ஊர்க்காரர். தங்கத்தை முடி மாதிரி கம்பியாக இழுத்துப் பின்னுகிறவர். ஒரு மழைக்காலத்தில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். கம்பி இழுக்க எனக்குக் கை வராது. உருக்க வரும். அவர் விட்டுப்போன, தங்கம் உருக்கும் மூசையும் மிதிதுருத்தியும் குறடும் வீட்டில் இருந்தன. சமையலறைக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்த முற்றத்தில் அவற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். யாரிடமும் கையேந்தவில்லை.

அறுந்த சங்கிலி, ஜோடி தொலைந்த ஒற்றைத் தோடு, பிரிந்துபோனவர்களின் கல்யாண மோதிரம், இப்படித்தான் வரும். ஒருத்தி புருஷன் மோதிரத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "நல்லா எரிங்கக்கா. அந்தாளு மூஞ்சிய நெனச்சுக்கிட்டு எரிங்க. மூஞ்சி நெனவுக்கு வரலேன்னா பன்னிய நெனச்சுக்கங்க, ஒண்ணுதான்" என்றாள். நான் அவளையும் துருத்தியை மிதிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே மிதித்தாள். முடியும்போது அழுதாள்.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெண்காரத்தைத் தூவினால் பொரி மாதிரிப் பொங்கி, பிறகு கண்ணாடியாக அடங்கும். மோதிரம் முதலில் சிவக்கும். வெகுநேரம் மோதிரமாகவே இருக்கும், பிடிவாதமாக. அப்புறம் ஓரத்தில் வேர்க்கும். அடுத்த மூச்சில் மோதிரம் இருக்காது. ஒரு சொட்டு இருக்கும், தானாகச் சுழன்றுகொண்டு. அந்தச் சொட்டில் யார் பெயரும் இருக்காது. மனசுக்கு ஆறுதலான வேலை என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

பிறகு அந்த வருடங்கள் வந்தன. மேலாற்றில் ஆட்களைக் கொன்று மக்தலேனா ஆற்றில் விட்டார்கள். யார் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓடிக் களைத்த ஆறு எங்கள் ஊர் வளைவில்தான் நின்று சுற்றும். வாழைத் தண்டு, செத்த மாடு, ஆகாயத்தாமரை, எதுவானாலும் என் வீட்டுப் பின்புறம் வந்து ஒதுங்கும். இவர்களும் ஒதுங்கினார்கள். முதலில் வந்த இருவரை ஊர்க்காரர்கள் எடுத்துப் புதைத்தார்கள். மறுவாரம் துப்பாக்கியோடு சிலர் வந்து, புதைத்த வெட்டியானைத் தேவாலயத்துக்கு எதிரில் முழங்காலில் நிற்க வைத்தார்கள். ஆறு கொண்டுபோவதை ஆறே கொண்டுபோகட்டும், எடுப்பவனையும் அதிலேயே போடுவோம் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. மீனவர்கள் நீளக் கழியால் தள்ளி நடு ஓட்டத்தில் விட்டுவிடுவார்கள்.

திபெரியோ என் கொழுந்தன், எலியேசரின் தம்பி. மீன்பிடிக்கிறவன். ஒருநாள் ஒரு மோதிரம் கொண்டுவந்தான்.

"கெளுத்தி வயித்துல கெடந்துச்சு அண்ணி."

"மீனுக்குக் கல்யாணம் ஆயிருச்சாக்கும்?"

"ஆயிருக்கும். பொண்டாட்டி தொல்ல தாங்காமத்தான் எங்கிட்ட வந்து மாட்டிக்கிச்சு."

இருவரும் சிரித்தோம். மோதிரத்தின் உள்பக்கம் ஒரு பெயரும் தேதியும் வெட்டியிருந்தது. என்ன பெயர் என்று படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டு, அன்றுமுதல் உருக்கும்போது கண்ணாடி போடுவதை நிறுத்தினேன்.

இரண்டாம் தடவையும் கெளுத்திதான். நான்காம் தடவை பல்லுக்குப் போடும் தங்க உறை ஒன்றைக் கொண்டுவந்தான். மீன் கதையை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் எடுக்காவிட்டால் சேற்றுக்குள் போகும், இல்லாவிட்டால் கடலுக்குப் போகும். பயிரை அறுக்காமல் விட்டால் எலி தின்னும். ஆற்றங்கரையில் இப்படித்தான் நினைப்போம்.

தாய்மார்கள் வர ஆரம்பித்தார்கள். விசைப்படகிலிருந்து இறங்கும்போதே தெரிந்துவிடும். நெஞ்சோடு ஒரு படம், அதற்குப் பிளாஸ்டிக் உறை. தங்கம் தெரிந்தவள் என்று யாரோ சொல்லி என் வாசலுக்கு வருவார்கள். இப்படி ஒரு சிலுவை, இப்படி ஒரு மோதிரம், பார்த்தீர்களா என்று கேட்பார்கள். பார்க்கவில்லை என்பேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? உடம்பு கிடைக்காது. இல்லை என்ற சொல்லோடு போகிறவள், மகன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போவாள். வந்தவர்களுக்கெல்லாம் பிள்ளையை உயிரோடு திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்தேன்.

நோயெமி வந்தது ஒரு நவம்பர் மாதம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். அவளுக்கு ஒரே மகன், ஆல்பெய்ரோ. புருஷன் எப்போதோ வேறொருத்தியோடு போய்விட்டான். படத்தை என் மேசைமேல் வைத்தாள். படத்தில் பையன் வாயை மூடிக்கொண்டு, காது இரண்டும் விடைத்துக்கொண்டு, யாரோ நிற்கச் சொன்னதற்காக நிற்பது போல நின்றான்.

"இந்தப் படத்துல தெரியாது" என்றாள். "மேல் பல்லு, எடப்பக்கம், தங்க உறை போட்டிருப்பான். நடுவுல நட்சத்திரம் மாதிரி வெட்டி, அது வழியா வெள்ளப் பல்லு தெரியும். மொதச் சம்பளத்துல போட்டுக்கிட்டு வந்து எம்முன்னால நிக்கிறான். திங்கிறதுக்கு வழியக் காணோம், வாய்க்கு நக கேக்குதாடான்னு ஏசினேன். அதுக்கும் சிரிக்கிறான். சிரிச்சாத்தானே தெரியும், அதுக்காகவே சிரிக்கிறான்."

"நான் பாக்கலையே தாயி" என்றேன்.

அந்தப் பல்லை உருக்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. மகாங்கே ஊரிலிருந்து தங்கம் வாங்க வருகிற வியாபாரியிடம் அதைப் போடவில்லை. தனியாக உருக்கி, தீப்பெட்டியில் போட்டு, அடுப்புக்கு மேலே பலகையில் வைத்திருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. நோயெமி உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து கையை நீட்டினால் எட்டும்.

அன்று படகு போய்விட்டது. மரவள்ளிக் கிழங்கு போட்டு மீன் குழம்பு வைத்திருந்தேன், ஊற்றினேன். கொஞ்சம்தான் சாப்பிட்டாள். சொல்லாமலே தட்டுகளைக் கழுவி வைத்தாள். காலையில் எழுந்து பார்த்தால் முற்றம் பெருக்கியிருந்தது. அவள் தண்ணீருக்கு அருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஊர் பூரா சொல்றாங்க, எல்லாம் இங்கதான் வந்து ஒதுங்கும்னு" என்றாள். "நானும் இங்கயே ஒதுங்கிக்கிறேங்க்கா. ஒங்களுக்குப் பாரமா இருக்க மாட்டேன்."

பாரமாக இருக்கவே இல்லை. பதினாறு வருடம். ஊரில் எங்களை அக்கா தங்கை என்றுதான் சொல்கிறார்கள். என் கால் வீங்கியபோது துருத்தியை அவள் மிதிக்க ஆரம்பித்தாள். சீராக மிதிப்பாள், சுடர் நூல் பிடித்த மாதிரி நிற்கும். பல் உறை ஏதாவது வந்தால் மட்டும், "இருங்கக்கா" என்பாள். கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போவாள். திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நான் சுடரைப் பற்றவைக்காமல் காத்திருப்பேன். "இல்ல" என்று சொல்லி மூசையில் போட்டுவிட்டுக் காலைத் துருத்திமேல் வைப்பாள்.

பல் டாக்டர் விற்கிறார் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

"இம்புட்டுப் பேரா தங்கப் பல்லப் புடுங்கிப் போடுறாங்க?" என்று ஒருமுறை கேட்டாள்.

"இப்ப எல்லாருக்கும் வெள்ளப் பல்லு வேணுமாம். நாகரிகம் மாறிப்போச்சு."

"அவனுக்குச் சொல்லணும். அவன் பல்லு பழசாயிருச்சுன்னு" என்றாள்.

அவளுக்குக் காட்டாமல் ஒரு பல்லைக்கூட நான் உருக்கியதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. பிறகு ஆறு சுத்தமாகிவிட்டது. சங்கிலியும் தோடும்தான் வந்தன.

அவள் வந்த ஏழாவது வருடம், வறுத்த சோளத்தைக் கடித்து அவளுடைய கடைவாய்ப் பக்கத்துப் பல் பாதி உடைந்தது. இரண்டு நாள் தாடையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஊர் ஊராகப் போகும் பல் வைத்தியர் ஒருவர் அந்த வாரம் ரெமான்சோவில் இருந்தார். நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதில் இருந்ததை வைத்து அவள் பல்லுக்கு ஒரு உறை செய்து போட்டார். எலியேசர் விட்டுப்போன தங்கம் என்று அவளிடம் சொன்னேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவகூட செய்ய மாட்டாக்கா" என்றாள். நீங்கள் உள்ளே வரும்போது உங்களைப் பார்த்துச் சிரித்தாளே, கவனித்திருப்பீர்கள். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு பொருள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று இருந்தது.

இதுவரை சொன்னது உங்கள் தாளில் ஏற்கெனவே இருக்கும். திபெரியோ சொல்லியிருப்பான். அவன் இப்போது ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான். கிதார் வாசித்துக்கொண்டு பாவத்தைச் சொல்வார்கள். பாவத்தை இறக்கி வைக்கிறவர்கள் யார் தலைமேல் இறக்குகிறோம் என்று பார்ப்பதில்லை. அவன் உங்களிடம் வந்ததில் எனக்குக் கோபம் இல்லை. அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் வரிசையைச் சொல்லாமல் விட்டுவிட்டான். வரிசை முக்கியம், அதனால்தான் இதை நானே சொல்லிவிடுகிறேன்.

நோயெமி வந்த அதே வருடம், செப்டம்பர் மாதம். மதியம் ஒரு மணி இருக்கும். ஊர் சாப்பிட்டுவிட்டு வலையூஞ்சலில் கிடக்கும் நேரம். நான் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். திபெரியோ ஆற்றுப் பக்கமிருந்து ஏறி வந்தான்.

"அண்ணி, கொறட எடுத்துக்கிட்டு வாங்க. எனக்கு வர மாட்டேங்குது."

அடுப்பைத் தணித்துவிட்டுப் போனேன். ஓடத்தில் தார்ப்பாயை விலக்கினான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன். தோளில் ஒரு குண்டு, இடுப்புக்கு மேலே ஒரு குண்டு. ஆறு கழுவிவிட்டிருந்ததால் பார்க்க அவ்வளவு மோசமாக இல்லை. நான் முழங்கால் தண்ணீரில் நின்று அவன் உதட்டைத் தூக்கினேன். நட்சத்திரம் தெரிந்தது. நல்ல வேலைப்பாடு, பெரிய ஊரில் செய்தது. குறட்டைப் போட்டு ஒரு திருப்பு திருப்பினேன். இரண்டாவது திருப்பில் பல் ஆடியது. அவன் கண்ணைத் திறந்தான்.

"அண்ணி, இவனுக்கு உசுரு இருக்கு" என்றான் திபெரியோ.

"தெரியுது."

பையன் தண்ணீர் கேட்டான். நான் மேலே போய், வெல்லத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து எடுத்து வந்தேன். தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன். முழுவதும் குடித்தான். குடித்துவிட்டு, "நன்றிங்கம்மா" என்றான். நன்றி சொல்லப் பழக்கி வளர்த்த பிள்ளை.

சுகாதார நிலையம் என் வீட்டிலிருந்து நானூறு அடி. நர்ஸ் அன்றைக்கு இருந்தாள். காலையில்தான் அவளுக்கு முட்டை கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஆனால் போகிற வழியில், மதுக்கடை வாசலில், துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்து டோமினோ ஆடுவார்கள். அவர்களைத் தாண்டித்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பார்த்தால் எங்களையும் முடித்துவிடுவார்கள். திபெரியோவிடம் அப்படித்தான் சொன்னேன். பல வருடம் எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு அவர்கள் இல்லை. வியாழக்கிழமைகளில் அவர்கள் மேலாற்றுக்குப் போய்விடுவார்கள். அன்று வியாழக்கிழமை. நீங்கள் எப்படியும் நாட்காட்டியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பையன் என் கையிலிருந்த குறட்டைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான் நடந்தது. இவன் பிழைத்தால் சொல்வான் என்று எனக்குத் தோன்றியது. படத்தோடு வந்து காப்பி குடித்துவிட்டுப் போன அத்தனை பேரும் திரும்பி என் வாசலுக்கு வருவார்கள். உயிரோடு இருக்கிறார்கள் என்று நான் அனுப்பி வைத்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நாளில் செத்துப்போவார்கள். ஒருவனுக்காக அத்தனை பேரா என்று நினைத்தேன். பல்லும் ஏற்கெனவே ஆடிவிட்டிருந்தது.

"நர்ஸக் கூட்டிட்டு வரட்டுமா அண்ணி?" என்று கேட்டான் திபெரியோ. கேட்டான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவனுக்கு உதவும்.

"வேணாம். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றேன்.

அவன் கரையைப் பார்த்துத் திரும்பி நின்றான். நான் பையனின் தலையை ஓடத்தின் விளிம்புக்கு வெளியே தாழ்த்தினேன். முழங்கால் ஆழம் போதுமானது. அவன் பெரிதாகப் போராடவில்லை, பலம் இல்லை. ஒரு கை மட்டும் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டது, சந்தையில் குழந்தைகள் பிடித்துக்கொள்வது மாதிரி. நான் விலக்கவில்லை. அதுவாக விடும்வரை நின்றேன்.

பல்லை அதற்குப் பிறகுதான் எடுத்தேன். முதலிலேயே எடுத்திருந்தால் அவனுக்கு வலித்திருக்கும். திபெரியோ திரும்பி நின்றதால் இந்த வரிசை அவனுக்குத் தெரியவில்லை. உயிரோடு இருந்தவன் வாயிலிருந்து பிடுங்கினாள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறான். அப்படி இல்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அப்புறம் இருவரும் ஓடத்தை நடு ஓட்டத்துக்குக் கொண்டுபோய் அவனை விட்டோம். நான் திரும்பி வரும்போது வாழைக்காய் கருகிப் போயிருந்தது. கோழிகளுக்குப் போட்டேன்.

இதை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆல்பெய்ரோவைக் கொன்றது ஆறும் இல்லை, துப்பாக்கிக்காரர்களும் இல்லை. உங்களுக்கு இன்னும் என்ன வேண்டுமோ கேளுங்கள், சொல்கிறேன். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்.

நோயெமிக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரியாது. மாடிப்படி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கும் என்று துணைக்கு வந்தாள். வாழையிலையில் சோறு கட்டி எடுத்து வந்திருக்கிறாள், இருவருக்கும். நீங்கள் கதவைத் திறந்து அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அவன் பிணமாகத்தான் வந்தான் என்று சொல்லுங்கள். தண்ணீர் கேட்டதையும் நன்றி சொன்னதையும் சொல்ல வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு இந்த வயதில் ஜெயிலும் ஒன்றுதான், வீடும் ஒன்றுதான். அவள் ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறாள். எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்றுகூட அவளுக்குத் தெரியாது, நான்தான் எடுத்துக் கையில் கொடுப்பேன். பதினாறு வருடமாக என் சோற்றைச் சாப்பிடுகிறவள். மனசு உடைந்து அவள் எங்கே போய் நிற்பாள் என்று நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.